பினாங்கில் எந்த வேளைக்கு எங்கே சாப்பிடலாம்: கோப்பிக்கடையா, நாசி கண்டாரா, வாழை இலையா, கஃபேயா?

மலேசியாவின் பினாங்குத் தீவுக்கு வருகிறவர்கள் விடுதியில் அறை பதிவு செய்யும்போதே ஒரு சாப்பாட்டு முடிவை எடுத்துவிடுகிறார்கள். ‘காலை உணவுடன்’ என்ற கட்டத்தைத் தட்டிவிடுகிறார்கள். அதைத் தட்ட வேண்டாம் என்பதுதான் என் முதல் ஆலோசனை. இந்தத் தீவின் நல்ல சாப்பாட்டில் பெரும்பகுதி காலை ஏழு மணிக்கும் பத்தரைக்கும் நடுவில் கிடைத்து முடிந்துவிடுகிறது. அந்த நேரத்தில் விடுதிக் கூடத்தில் உட்கார்ந்து முட்டையும் ரொட்டியும் சாப்பிட்டால் வயிறு நிறைந்துவிடும், அந்த வேளையும் கைவிட்டுப் போய்விடும். அப்படிப் போன வேளை அடுத்த நாள்தான் திரும்ப வரும்.

சென்னையிலிருந்து நேரடி விமானம் வந்த பிறகு, எங்கே சாப்பிடலாம் என்று கேட்பவர்கள் கூடிவிட்டார்கள். “எந்த உணவகம் நல்லது?” என்றுதான் பெரும்பாலும் கேட்கிறார்கள். எங்கள் ஊரில் யாரும் அப்படி யோசிப்பதில்லை. இங்கே ஒருவர் ஒரே ஒரு பண்டத்தை, நாளில் சில மணி நேரம் மட்டும், ஆண்டுக்கணக்காகச் செய்துகொண்டிருப்பார். அவர் கடையைச் சாத்தியதும் அதே இடத்தில் வேறொருவர் வேறொன்றைச் சமைக்கத் தொடங்குவார். ஆகவே ‘இந்த நேரத்துக்கு என்ன, நம்மோடு வந்திருப்பவர்கள் யார்’ என்று பார்த்து முடிவெடுப்பதே சரி. கோப்பிக்கடை, சாலையோர ஒட்டுக்கடை, நாசி கண்டார் (தமிழ் முஸ்லிம்களின் குழம்புச் சோறு), வாழை இலைச் சாப்பாடு, ஞோஞ்ஞா (சீன-மலாய்க் கலப்புச் சமையல்) உணவகம், கஃபே, கடற்கரை உணவகம் எல்லாமே ஒரே ஊரில் இருக்கின்றன. இவற்றில் எதற்கு எந்த வேளையைக் கொடுப்பது என்பதுதான் கேள்வி.

காலைக்குச் சீனர் கோப்பிக்கடைதான். அது நடக்கும் முறையைத் தெரிந்துகொண்டால் கூச்சம் போய்விடும். கடைக்காரர் விற்பது தண்ணீர் வகை மட்டும்: கோப்பி, தேநீர், பார்லி. சுற்றி நிற்கும் சிறு தள்ளுவண்டிகள் ஒவ்வொன்றும் தனித்தனி ஆளுக்குச் சொந்தம். அவர்கள் கடைக்காரருக்கு வாடகை கொடுக்கிறார்கள். முதலில் ஒரு மேசையைப் பிடியுங்கள். வண்டிக்குப் போய் வேண்டியதைச் சொல்லி, மேசையைக் காட்டுங்கள். தட்டு மேசைக்கு வரும்போது அந்தந்த வண்டிக்குத் தனியாகப் பணம் கொடுக்க வேண்டும். கோப்பிக்கு ஆள் தானே வருவார், ஆளுக்கு ஒன்றாவது வாங்குவதுதான் முறை. வெறும் ‘கோப்பி’ என்றால் கெட்டிப்பால் ஊற்றி வரும். ‘கோப்பி ஓ’ என்றால் பால் இல்லாமல் சர்க்கரையோடு. ‘கோசோங்’ என்று சேர்த்தால் சர்க்கரையும் கிடையாது. நீரிழிவு உள்ளவர்கள் இந்த ஒரு சொல்லை மனப்பாடம் செய்துகொள்ளலாம். சில்லறை வெள்ளி (மலேசிய ரிங்கிட்) நோட்டுகள் கையில் இருக்கட்டும், பத்தும் ஐந்துமாக.

அங்கே என்ன சாப்பிடுவது? ஹொக்கியன் மீயிலிருந்து தொடங்கலாம் (மீ என்றால் நூடுல்ஸ்). கோலாலம்பூரில் அந்தப் பெயரில் கறுப்பாக வறுத்த மீ வரும். பினாங்கில் அது இறால் ஓடுகளையும் பன்றி எலும்பையும் கொதிக்கவைத்து இறக்கிய சிவந்த சாற்றில் வரும் மீ. கறி மீ தேங்காய்ப்பால் சாற்றில் இருக்கும், மேலே மிளகாய் விழுதை நாமே கலந்துகொள்ள வேண்டும். சார் குவே தியாவ் பற்றி எல்லோரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். தட்டை அரிசி மீ, இறால், கொக்கிள் சிப்பி, முட்டை, முளைப்பயறு எல்லாம் கடும் தீயில் ஓரிரு நிமிடத்தில் வறுபட வேண்டும். நல்ல கடையில் ஒரு தட்டு, மிஞ்சினால் இரண்டு தட்டுக்கு மேல் ஒரே நேரத்தில் வறுக்க மாட்டார்கள். காத்திருக்க வைப்பது அதனால்தான். ஐந்தாறு தட்டுக்கு உரிய மீயை ஒரே வாணலியில் கொட்டி வறுப்பதைப் பார்த்தால் அடுத்த கடைக்குப் போங்கள். விலை பெரும்பாலும் தட்டு 7-லிருந்து 10 வெள்ளிக்குள். பெரிய இறால் போட்டால் ஏறும். ஒரு வெள்ளிக்கு 20 ரூபாய்க்குச் சற்று மேல் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

இங்கே நம்மவர்களுக்குச் சொல்ல வேண்டிய முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. சீனர் கோப்பிக்கடையில் பன்றிக்கொழுப்பு மிகச் சாதாரணம். ‘இறைச்சி வேண்டாம்’ என்று சொன்னாலும் வறுத்த எண்ணெயில் அது இருக்கும். முஸ்லிம்களுக்கு இந்த வகைக் கடை ஒத்துவராது. சைவர்களுக்கும் பெரும்பாலும் வராது, ஏனென்றால் பெலாச்சான் எனும் இறால் விழுது பல குழம்புகளிலும் மிளகாய்ச் சாந்திலும் கண்ணுக்குத் தெரியாமல் கலந்திருக்கும். குழுவில் ஒருவர் சைவம், ஒருவர் அசைவம் என்றால் கோப்பிக்கடையைக் காலை ரொட்டிக்கும் கோப்பிக்கும் மட்டும் வைத்துக்கொள்ளலாம். கேம்பல் சாலைச் சந்தில் தோ சூன் என்ற கடையில் கரி அடுப்பில் வாட்டிய ரொட்டியும் காயாவும் கிடைக்கும். காயா என்பது தேங்காய்ப்பாலும் முட்டையும் சர்க்கரையும் கிளறிய இனிப்புப் பூச்சு. முட்டை சாப்பிடாதவர்கள் வெண்ணெய் மட்டும் தடவித் தரச் சொல்லலாம்.

காலைக்கு இன்னொரு வழியும் உண்டு. டிரான்ஸ்பர் சாலையில் ஓரமாகப் போட்ட மேசைகளில் நம் பரோட்டா போன்ற ரொட்டி சானாய். இறைச்சிக் குழம்பை ரொட்டியின் மேலேயே ஊற்றித் தருவார்கள். வெறும் பருப்புக் குழம்போடும் கேட்கலாம். ஹலால், மலிவு, சீக்கிரம். குழந்தைகளோடு வருகிறவர்களுக்கு நான் இதையே முதலில் சொல்வேன். பன்றிக்கொழுப்பு பற்றிய கவலையே இல்லை, குழந்தைகளும் அடம்பிடிக்காமல் சாப்பிடுவார்கள்.

நாசி கண்டாருக்கு வருவோம். மற்ற எதையும்விட இதைப் பற்றி நிறையப் பேச எனக்கு ஆசை, ஏனென்றால் இது நம் ஆட்கள் இந்தத் தீவுக்குக் கொடுத்தது. தமிழ் முஸ்லிம்கள் தோளில் கம்பு வைத்து, ஒரு பக்கம் சோறும் மறுபக்கம் குழம்பும் தொங்கவிட்டு, துறைமுகத் தொழிலாளர்களுக்கு விற்றதில் தொடங்கியது. கேம்பல் சாலையிலுள்ள ஹமீதியா 1907-இல் தொடங்கிய கடை, இன்றும் நடக்கிறது. லைன் கிளியர், தீன் மாஜு என்று ஆளுக்கொரு கட்சி உண்டு. எந்தக் கட்சி என்பதில் குடும்பத்துக்குள்ளேயே சண்டை வரும்.

நாசி கண்டாரில் ருசி ஊற்றும் கையில் இருக்கிறது. கோழியையோ மீன் முட்டையையோ கணவாயையோ காட்டினால் சோற்றின் மேல் வைப்பார்கள். பிறகு நான்கைந்து சட்டிகளிலிருந்து குழம்பை ஒன்றன்மேல் ஒன்றாக ஊற்றுவார்கள். இதைக் ‘குவா சம்போர்’ என்பார்கள். ‘பஞ்ஜிர்’ என்றால் சோறு மூழ்கும்படி ஊற்றுவது. ஒரே குழம்போடு சாப்பிட்டால் அது இன்னொரு கடைச் சோறுதான். கலந்து ஊற்றினால்தான் நாசி கண்டார். ஆனால் அந்தச் சட்டிகளில் ஒன்று மாட்டிறைச்சிக் குழம்பாக இருக்கும். நீங்கள் கோழி மட்டும் கேட்டாலும் அந்தச் சாறு உங்கள் தட்டில் வந்து சேரும். மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் தட்டைக் கையில் எடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும். பரிமாறுபவர்களில் பலருக்குத் தமிழ் தெரியும், “மாட்டுக் குழம்பு படக்கூடாது அண்ணே” என்று சொன்னால் போதும், சங்கடப்பட மாட்டார்கள். கரண்டி சட்டி மாறுவதையே ஏற்க முடியாதவர்கள் இதைத் தவிர்ப்பது நல்லது.

விலை விஷயத்திலும் கொஞ்சம் கவனம் வேண்டும். பல கடைகளில் விலைப்பட்டியலைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். கோழியும் காய்கறியும் சோறும் என்றால் 10-லிருந்து 15 வெள்ளிக்குள் முடியும். பெரிய இறாலோ மீன் முட்டையோ தட்டில் ஏறினால் தொகை இரட்டிப்பாகும். ஒவ்வொன்றாகக் காட்டும்போதே “இது எவ்வளவு?” என்று கேளுங்கள், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். நேரத்தைக் கேட்டால், இரவு நேரம் என்பேன். ஊர் சுற்றி முடித்து, மற்றக் கடைகள் அடங்கிய பிறகு போனால் குழம்பு நாள் முழுக்க ஊறிக் கெட்டியாகி இருக்கும். பகல் பன்னிரண்டரைக்குப் போனால் அலுவலக வரிசையில் மாட்டிக்கொள்வீர்கள். நோன்பு மாதத்தில் பல கடைகள் பகலில் திறக்கா. அப்போது மாலையில் போடும் ரமலான் சந்தைகளுக்குப் போகலாம்.

வயதானவர்களும் சைவர்களும் இருந்தால் மதியத்துக்கு லிட்டில் இந்தியாதான், வேறு யோசனையே வேண்டாம். மார்க்கெட் சாலை, பினாங்கு தெரு என்ற லெபு பினாங்கு, குயின் சாலை ஆகிய மூன்றையும் நடந்தே சுற்றிவிடலாம். 1833-இல் எழுந்த மகாமாரியம்மன் கோயில் குயின் சாலையில் இருக்கிறது. கும்பிட்டுவிட்டு இலைச் சாப்பாட்டுக்குப் போகலாம். வுட்லண்ட்ஸ் சைவ உணவகமும் ஸ்ரீ ஆனந்த பவனும் பக்கத்திலேயே. ஒரு சைவ இலைச் சாப்பாடு 10 வெள்ளியை ஒட்டி இருக்கும், சோறும் குழம்பும் மறுபடி கேட்டால் போடுவார்கள். தமிழ்நாட்டிலிருந்து வருபவர்கள் ‘இதற்கா பினாங்கு வந்தோம்?’ என்று கேட்கலாம். நியாயம்தான். அவர்களுக்கு ஒரு வேளை போதும். ஆனால் மூன்று நாளும் மிளகாய்ச் சாந்தைச் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டு பட்டினி கிடக்கும் அம்மாவுக்கு அந்த ஒரு வேளையின் அருமை தெரியும்.

சைவர்களுக்கு இங்கே அதிகம் பேர் சொல்லாத இன்னொரு நல்ல வழி இருக்கிறது: சீனர் சைவ உணவகம். சீன நாள்காட்டியில் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் பலர் சைவம் சாப்பிடுகிறார்கள், அதனால் ஊர் முழுக்க இந்தக் கடைகள் உண்டு. சோறும் பத்து இருபது வகைக் காய்களும் பரப்பி வைத்திருப்பார்கள், வேண்டியதைத் தட்டில் எடுத்துக்கொண்டு பணம் கட்டலாம். பல கடைகளில் வெங்காயமும் பூண்டும் சேர்ப்பதில்லை. கோழி மாதிரி, மீன் மாதிரி செய்து வைத்திருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், எல்லாம் சோயாவும் காளானும் மாவும்தான். முட்டை உண்டா என்று மட்டும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். சீன ஒன்பதாம் மாதத்தின் முதல் ஒன்பது நாள், அதாவது பெரும்பாலும் அக்டோபரை ஒட்டி, ஒன்பது பேரரசர் தெய்வங்களின் விழா வரும். அப்போது மஞ்சள் கொடி கட்டிய கடைகள் தெருவெல்லாம் முளைக்கும். சைவ சார் குவே தியாவ், சைவக் கறி மீ, லோர் பாக் எனும் பொரித்த சுருளின் சைவ வடிவம் எல்லாம் அந்த நாட்களில் கிடைக்கும். சைவக் குடும்பம் பினாங்குக்கு எப்போது வரலாம் என்று கேட்டால், மழையைப் பற்றிக் கவலைப்படாதவர்களாக இருந்தால், நான் இந்த விழாவைத்தான் சொல்வேன்.

மாலைக்குச் சாலையோர ஒட்டுக்கடைகள். மெக்காலிஸ்டர் சாலையிலிருந்து பிரியும் நியூ லேன், கிம்பர்லி சாலை, சூலியா சாலை ஆகியவை இருட்டத் தொடங்கும்போது உயிர் பெறும். பல சிறு உணவுக் கடைகள் ஒரே இடத்தில் இருக்கும் கர்னி டிரைவ் அங்காடி நிலையம் பெயர் பெற்றது. அங்கே முஸ்லிம் கடைகளுக்குத் தனிப் பகுதி உண்டு, பசெம்பூர் எனும் இனிப்புக் காரச் சாந்து ஊற்றிய காய்கறி-வடைக் கலவையும் மீ கோரேங் எனும் வறுத்த மீயும் அந்தப் பக்கம் கிடைக்கும். கலந்த குழுவுக்கு அது வசதி. ஆனால் அங்கே சுற்றுலாப் பயணிகள் அதிகம், விலையும் ஒரு படி கூட. குழுவில் எல்லோரும் எல்லாம் சாப்பிடுபவர்கள் என்றால் கர்னியை விட்டு நியூ லேனுக்குப் போகலாம்.

ஒட்டுக்கடையின் பலவீனம் மழை. செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை மாலை மழை அடிக்கடி வரும், சாலையில் போட்ட மேசைக்குக் குடை போதாது. முழங்கால் வலி உள்ளவர்களுக்கு அந்தப் பிளாஸ்டிக் முக்காலியும், கழிப்பறை தேடி நடப்பதும் சிரமம். அப்படிப்பட்டவர்களோடு வந்திருந்தால் கூரை உள்ள அங்காடி நிலையமே நல்லது. ஒரு விதத்தில் நிலைமை முன்பைவிட நன்றாக இருக்கிறது: 2019 தொடக்கத்திலிருந்து உணவுக் கடைகளில் புகைபிடிக்கத் தடை, திறந்த வெளிக் கடைகளுக்கும் சேர்த்து.

வரிசை பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். 2022 டிசம்பரில், உணவகங்களைத் தரப்படுத்தும் மிஷெலின் கையேடு கோலாலம்பூரோடு பினாங்கையும் சேர்த்துக்கொண்டது. சில வண்டிகளின் பெயர் அதில் வந்ததும் அவற்றின் முன் ஒரு மணி நேர வரிசை நிற்கத் தொடங்கியது. அந்தச் சமையல்காரர்கள் அந்தப் புகழுக்குத் தகுதியானவர்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் இரண்டு மூன்று நாள் மட்டும் இருக்கும் ஒருவர் அதில் ஒரு மணி நேரத்தைக் கொட்டுவது வீண். மூன்று கடை தள்ளி, முப்பது ஆண்டாக அதே பண்டத்தைச் செய்யும் ஒருவரிடம் வரிசை இருக்காது. ஊர்க்காரர்கள் மோட்டார் சைக்கிளை நிறுத்திப் பொட்டலம் வாங்கிப்போகிறார்களா என்று பாருங்கள், அது போதும்.

இந்த ஆட்கள் எத்தனை காலம் இருப்பார்கள் என்ற கவலை எனக்கு உண்டு. பிள்ளைகள் பலர் தீக்கு முன்னால் நிற்க விரும்பவில்லை. உள்ளூர்ப் பண்டங்கள் சிலவற்றை வெளிநாட்டுத் தொழிலாளர் தலைமைச் சமையல்காரராக நின்று சமைக்கக்கூடாது என்று மாநில அரசு 2016-இலிருந்து விதி வைத்தது. அதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. கற்றுக்கொள்ள யார் வந்தாலும் கற்றுக்கொடுக்கலாம் என்பது என் எண்ணம். எப்படியிருந்தாலும் இன்னும் அடுப்பின் முன் நிற்பவரிடம் இன்றைக்கே போய்ச் சாப்பிடுங்கள்.

உட்கார்ந்து, சாவகாசமாக, தட்டுகளைப் பகிர்ந்து சாப்பிட வேண்டுமென்றால் ஞோஞ்ஞா உணவகம். சீனச் சமையலும் மலாய்ச் சமையலும் குடும்பங்களுக்குள் கலந்து பிறந்தது. இது வீட்டுச் சமையல், அரைத்து வதக்க நெடுநேரம் பிடிக்கும் என்பதால் வண்டிகளில் அதிகம் கிடைக்காது. ஆகவே உணவகத்துக்குக் கூடுதல் பணம் கொடுப்பது இங்கே மட்டும் முழு நியாயம் என்பேன். குலாய் தூமிஸ் எனும் புளி மீன் குழம்பில் வெண்டைக்காய் மிதக்கும், நம் நாக்குக்கு உடனே பிடிக்கும். வாழை இலையில் வைத்து அவித்த ஓதாக் ஓதாக் மீனும் தேங்காய்ப்பாலும் சேர்ந்தது. மிஷெலின் முதல் பதிப்பில் நட்சத்திரம் பெற்ற ஆன்ட்டி கைக் லீன்ஸ் பிஷப் சாலையில் இருக்கிறது, முன்பதிவு செய்துகொண்டு போங்கள். நான்கு பேராவது இருந்தால்தான் இந்தச் சாப்பாடு சரிப்படும்; இரண்டு பேர் போனால் இரண்டு தட்டுக்கு மேல் ருசி பார்க்க முடியாது. ரசீதில் 6 விழுக்காடு சேவை வரியும், சில இடங்களில் 10 விழுக்காடு சேவைக் கட்டணமும் சேரும் என்பதை நினைவில் வையுங்கள். ஒட்டுக்கடையில் இதெல்லாம் இல்லை.

கஃபேக்களை என்ன செய்வது? மதியம் இரண்டு மணிக்குப் பினாங்கின் தலைநகரான ஜார்ஜ் டவுனில் நடந்தால் வெயில் மண்டையைப் பிளக்கும். அந்த இரண்டு மணி நேரத்துக்குக் கஃபே நல்லது: குளிரூட்டி, கழிப்பறை, சாய்ந்து உட்கார நாற்காலி. பீச் சாலையையும் விக்டோரியா சாலையையும் இணைத்து மூன்று பழைய கட்டடங்களில் நீளமாக ஓடும் சைனா ஹவுஸில் கேக் வகைகளைப் பார்த்தாலே குழந்தைகள் அமைதியாகிவிடுவார்கள். ஒரு கோப்பி 10 வெள்ளிக்கு மேல், கேக் துண்டு அதைவிட அதிகம். அந்தத் தொகைக்குக் கோப்பிக்கடையில் இரண்டு பேர் வயிறாரப் பசியாறலாம்.

அந்த அழகான பழைய கடைவீடுகள் எப்படிக் காலியாயின என்பதையும் தெரிந்துகொண்டு உட்காருவது நல்லது. நெடுங்காலம் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்தது. 2000-இல் அது நீங்கியதும் வாடகை ஏறி, தலைமுறையாகக் குடியிருந்தவர்களும் சிறு தொழில் செய்தவர்களும் வெளியேறினார்கள். 2008-இல் யுனெஸ்கோ ஜார்ஜ் டவுனை உலகப் பாரம்பரிய நகரமாக அறிவித்த பின் கஃபேக்களும் சிறு விடுதிகளும் அந்த இடங்களுக்கு வந்தன. கட்டடங்கள் இடியாமல் நிற்பதற்கு அவையும் ஒரு காரணம், அதனால் நான் கஃபேக்களை வெறுக்கவில்லை. ஒரு கேக், ஒரு கோப்பி, நிழல் என்ற அளவில் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். பாஸ்தாவையும் பர்கரையும் மதிய உணவாக அங்கே சாப்பிட்டுவிட்டு வந்தால் மாலை ஆறரை மணிக்குப் பசி எடுக்காது, நியூ லேன் போய்விடும். அதைவிடக் கெங் குவீ சந்தில் 1936-இலிருந்து நடக்கும் தியோசூ கடையின் செண்டோல் (தேங்காய்ப்பாலும் பனிக்கட்டியும் சேர்ந்த இனிப்பு) ஒரு கிண்ணம் நின்றுகொண்டே குடிக்கலாம்.

பத்து ஃபெரிங்கி கடற்கரையில் அறை எடுத்தவர்களுக்கு நிலைமை வேறு. ஜார்ஜ் டவுனிலிருந்து ஏறத்தாழ 15 கிலோமீட்டர், 101-ஆம் எண் பேருந்து போகும், மாலை நெரிசலில் நேரமாகும். கடல் பார்த்த உணவகங்களில் நண்டும் இறாலும் எடைக்கு விலை. பலகையில் பெரும்பாலும் விலை எழுதியிருக்காது. எடை போடும் முன் கிலோ என்ன விலை, மொத்தம் எவ்வளவு வரும் என்று கேட்டுவிடுங்கள். அங்கே லாங் பீச் என்ற அங்காடி நிலையம் உண்டு, இரவுக்கு அதுவே போதும். ஆனால் சாப்பாட்டுக்காகத்தான் பினாங்கு வருகிறீர்கள் என்றால் அறையை ஜார்ஜ் டவுனிலேயே எடுங்கள். எட்டு மணிக்கு எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தே கோப்பிக்கடைக்குப் போகும் வசதிக்குக் கடல் காட்சி ஈடாகாது.

திரும்பும் விமானம் மாலையில் என்றால் கடைசி மதியத்துக்குத் தீவின் மறுபக்கம் பாலிக் புலாவுக்குப் போகலாம். அங்கிருந்து மலைச் சாலை வழியாக விமான நிலையம் அதிக தூரமில்லை. லக்சா எனும் சாற்று மீ அங்கே இரண்டு வகை: புளியும் கானாங்கெளுத்தி மீனும் போட்ட அசாம் லக்சா, தேங்காய்ப்பால் சேர்ந்த சியாம் லக்சா. இரண்டையும் பாதிப்பாதி கலந்து தரச் சொல்லலாம், கூடவே ஜாதிக்காய்ச் சாறு. மே, ஜூன், ஜூலையில் போனால் சாலையோரம் டுரியான் குவித்து வைத்திருப்பார்கள். அதை அங்கேயே உடைத்துச் சாப்பிட்டுவிடுங்கள், விமானத்தில் கையோடு ஏற்ற விடமாட்டார்கள்.